ஒளிக்கு இசையும் வில்லையும் ஒளிக்குக் கூசும் கண்ணும்: நிறமாறு மூக்குக் கண்ணாடியின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வெயிலில் கருத்து, நிழலில் தெளியும் மூக்குக் கண்ணாடி வில்லைகள் 1960களில் அமெரிக்க நாட்டின் கார்னிங் நிறுவனத்தில் உருவாயின. இவ்வில்லைகளின் வரலாறு ஒரு வேதியியல் கண்டுபிடிப்பின் வெற்றியாகவே பெரிதும் சொல்லப்படுகிறது. இக்கட்டுரை அவ்வரலாற்றை அணிபவரின் கண்ணிலிருந்து அணுகுகிறது. பார்வையின் கூர்மையைத் திருத்துவதும் கண்ணுக்குள் செல்லும் ஒளியைக் கட்டுப்படுத்துவதும் பல நூற்றாண்டுகளாக இரு தனி மரபுகளாக வளர்ந்தன. நிறமாறு வில்லை அவ்விரு மரபுகளையும் ஒரே பொருளில் இணைத்தது. ஆயினும், அதன் பிற்கால வளர்ச்சியை வழிநடத்தியது இயல்பான கண் உடையவரின் வசதியே. பிறவி முதல் பார்வைக் குறையுடன் வாழ்வோரின் தேவை, பலவிடத்து அதற்கு எதிர்த்திசையில் இருந்தது. இம்முரணை விழித்திரை நிறமிச் சிதைவு, முழு நிறக்குருடு ஆகிய இரு நிலைகளின் வழியாகவும், வெப்பநாடுகளில் இவ்வில்லைகள் செயற்படும் முறையின் வழியாகவும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மூக்குக் கண்ணாடி, நிறமாறு வில்லை, ஒளிநிறமாற்றம், ஒளிக்கூச்சம், குறைபார்வை, அறிவியல் வரலாறு

முன்னுரை

மூக்குக் கண்ணாடி மனிதர் உடலோடு ஒட்டி வாழும் கருவிகளுள் ஒன்று. காலையில் கண்விழித்ததும் கை முதலில் தேடும் பொருளாக அது பலருக்கும் அமைந்துவிடுகிறது. சிறு வயதிலேயே கண்ணாடி அணியத் தொடங்கியவர்க்கு, அக்கருவியில் ஏற்படும் ஒவ்வொரு மாற்றமும் உலகம் தோன்றும் விதத்திலேயே ஏற்படும் மாற்றமாகும். அத்தகைய மாற்றங்களுள் ஒன்றே ஒளியின் அளவுக்கேற்பத் தானே நிறம் மாறும் வில்லை. கண்ணாடிக் கடைகளில் ‘போட்டோகுரோமிக்’ என்று வழங்கப்படும் இதனை இக்கட்டுரை ‘நிறமாறு வில்லை’ எனக் குறிக்கிறது.

ஒரு தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதுவோர் அதனைக் கண்டுபிடித்தவரிடமிருந்து தொடங்குவது வழக்கம். பயன்படுத்துவோரிடமிருந்து தொடங்கினால் வேறு வினாக்கள் எழுகின்றன. யாருடைய கண்ணை அளவுகோலாகக் கொண்டு இவ்வில்லை வடிவமைக்கப்பட்டது? எந்தத் தட்பவெப்பத்தில் அது சோதிக்கப்பட்டது? ஒளியே துன்பமாக அமைந்த கண்களுக்கு அது என்ன செய்தது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1962இல் கார்னிங் நிறுவனம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது முதல், 2018இல் நிறமாறு தொடுவில்லைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது வரையிலான காலம் ஆய்வு எல்லையாகக் கொள்ளப்படுகிறது. பின்புலத்திற்காக முந்தைய நூற்றாண்டுகளின் செய்திகளும் சுருக்கமாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

கூர்மையும் ஒளியும்: இரு தனி மரபுகள்

பார்வையைத் திருத்தும் மூக்குக் கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றியது. 1306இல் பிளாரன்ஸ் நகரில் ஜோர்தானோ த ரிவால்தோ என்னும் துறவி ஆற்றிய மறையுரையில், அக்கலை கண்டறியப்பட்டு இருபது ஆண்டுகள்கூட நிறையவில்லை என்று குறிப்பிட்டார். கண்ணாடியின் பிறப்பைக் கணிக்க வரலாற்றாசிரியர்கள் இன்றும் இக்குறிப்பையே முதன்மையாகக் கொள்கின்றனர். முதற்கண்ணாடிகள் குவிவில்லைகள். அவை முதுமையில் எழுத்துகளைப் படிக்க இயலாதவர்க்காகச் செய்யப்பட்டவை. கிட்டப்பார்வைக்குரிய குழிவில்லைகள் பின்னரே வழக்கிற்கு வந்தன. இம்மரபின் ஒரே நோக்கம் கூர்மை. ஒளிக்கதிர்களை வளைத்து விழித்திரையில் குவிப்பதே அதன் பணி.

ஒளியைத் தடுக்கும் மரபு இதனினும் வேறானது. வட துருவப் பகுதியில் வாழும் இனூயிட் மக்கள், பனியிற் பட்டு எதிரொளிக்கும் வெயிலிலிருந்து கண்களைக் காக்க, எலும்பிலும் தந்தத்திலும் மரத்திலும் குறுகிய பிளவு இட்டு முகத்தில் கட்டிக்கொண்டனர். அதில் வில்லையே இல்லை. ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் கருவி வினைஞர் ஜேம்ஸ் ஐஸ்கோ, வெண்ணிறக் கண்ணாடி கண்ணுக்குக் கூச்சம் தருவது எனக் கருதி நீலமும் பச்சையும் சாயமேற்றிய வில்லைகளைப் பரிந்துரைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ணாடி உலைத் தொழிலாளரிடையே காணப்பட்ட கண்புரையை ஆராய இலண்டன் ராயல் கழகம் குழு அமைத்தது. அதன் பொருட்டு வில்லியம் குரூக்ஸ் 300க்கும் மேற்பட்ட கண்ணாடிக் கலவைகளைச் சோதித்து, வெப்பக் கதிரையும் புற ஊதாக் கதிரையும் தடுக்கும் கண்ணாடிகள் பற்றிய தம் ஆய்வை 1914இல் வெளியிட்டார். 1930களில் எட்வின் லேண்டின் முனைவாக்கத் தகடு குளிர்கண்ணாடித் தொழிலில் நுழைந்தது.

இவ்விரு மரபுகளும் ஒருவரின் முகத்தில் சந்தித்தபோது இடர்ப்பாடு தோன்றியது. கண்ணில் குறையில்லாதவர் வெயிலில் கருங்கண்ணாடியை அணிந்து, நிழலில் கழற்றிவிடலாம். பார்வைக் குறை உடையவரால் அது இயலாது. கழற்றினால் காட்சி மங்கும். கழற்றாவிட்டால் அறைக்குள் இருள் சூழும். ஆகவே அவர் இரண்டு கண்ணாடிகளைச் சுமந்தார். அல்லது வெயிலைப் பொறுத்துக்கொண்டார். நிறமாறு வில்லைக்கு முற்பட்ட காலத்தில் பார்வைக் குறையுடையோர் செலுத்திய இந்த இரட்டை விலை, தொழில்நுட்ப வரலாறுகளில் பெரிதும் பதிவாவதில்லை.

ஒளிநிறமாற்றம்: சொல்லும் பொருளும்

ஒளி பட்டதும் நிறம் மாறி, ஒளி நீங்கியதும் பழைய நிறத்துக்கு மீளும் பண்பை 19ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் அறிந்திருந்தனர். 1867இல் பிரிட்ஷே, டெட்ராசீன் என்னும் பொருளின் செம்மஞ்சள் கரைசல் பகல் ஒளியில் வெளிறி, இருளில் நிறம் திரும்புவதைப் பதிவு செய்தார். 1899இல் மார்க்வால்ட் இத்தகைய மாற்றத்துக்கு ‘போட்டோட்ரோப்பி’ எனப் பெயரிட்டார். ஒளியை நோக்கித் தாவரங்கள் வளைவதைக் குறிக்கும் சொல்லோடு அப்பெயர் மயங்கியது. 1950இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஹிர்ஷ்பர்க் ‘போட்டோகுரோமிசம்’ என்னும் சொல்லை முன்மொழிந்தார். இன்று நிலைத்திருப்பது அச்சொல்லே. எனினும் பழஞ்சொல் உடனே மறையவில்லை. 1962இல் கார்னிங் நிறுவனம் விண்ணப்பித்த காப்புரிமையின் தலைப்பிலும் ‘போட்டோட்ரோப்பிக்’ என்றே காணப்படுகிறது.

அக்காப்புரிமைக்கு உரியவர்கள் வில்லியம் ஆர்மிஸ்டெட், டொனால்ட் ஸ்டூக்கி ஆகிய இருவர். 1915இல் பிறந்த ஸ்டூக்கி, ஒளியுணர் கண்ணாடி பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர். 1953இல் அத்தகைய கண்ணாடித் தகடு ஒன்றை அவர் சூடேற்றியபோது உலையின் கட்டுப்பாடு தவறியது. வெப்பம் 600 பாகை செல்சியசில் நிற்காமல் 900 பாகைவரை ஏறிற்று. உருகிப் போயிருக்க வேண்டிய தகடு உருகவில்லை. கைதவறித் தரையில் விழுந்தும் உடையவில்லை. கண்ணாடிப் பீங்கான் என்னும் புதிய பொருள்வகை அதிலிருந்து பிறந்தது. கண்ணாடிக்குள் நுண்ணிய படிகங்களை விரும்பிய அளவில் வளர்க்க முடியும் என்ற இந்த அறிவே நிறமாறு கண்ணாடிக்கும் அடித்தளமாயிற்று. ஆகவே, நிறமாறு வில்லையைத் திடீர்க் கண்டுபிடிப்பாகக் கருதுவதினும், ஓர் ஆய்வு மரபின் தொடர்ச்சியாகக் கொள்வதே பொருத்தமுடையது.

1964இல் ஆர்மிஸ்டெட்டும் ஸ்டூக்கியும் ‘சயின்ஸ்’ இதழில் தம் முடிவுகளை வெளியிட்டனர். 1965 செப்டம்பரில் காப்புரிமை வழங்கப்பட்டது. அதே பத்தாண்டில் வில்லைகள் சந்தைக்கு வந்தன. ‘போட்டோகிரே’ என்ற வணிகப் பெயர் நிறமாறு வில்லைகளுக்கே பொதுப்பெயர் போல ஆயிற்று.

கண்ணாடி கருப்பதும் தெளிவதும்

கண்ணாடி உருகு நிலையில் இருக்கும்போது அதனுள் வெள்ளி உப்புகளும் மிகச் சிறிதளவு செம்பும் சேர்க்கப்படுகின்றன. பின்னர்க் கட்டுப்படுத்திய வெப்பத்தில் அக்கண்ணாடி வைக்கப்படும்போது, வெள்ளிக் குளோரைடு போன்ற உப்புகளின் நுண்படிகங்கள் உள்ளே விளைகின்றன. அவற்றின் அளவு ஒரு மீட்டரின் நூறு கோடியில் சில பத்துப் பங்கே. படிகம் அதனினும் பெரிதானால் கண்ணாடி மங்கிவிடும். மிகச் சிறிதானால் நிறம் மாறாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட குறுகிய எல்லையில் நிறுத்துவதே இத்தொழிலின் நுட்பம்.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் படும்போது, செம்பு அயனி ஓர் எதிர்மின்னியை இழக்கிறது. வெள்ளி அயனி அதனைப் பெற்று உலோக வெள்ளியாகிறது. திரளும் வெள்ளி அணுக்கள் ஒளியை உட்கவர்வதால் வில்லை கருக்கிறது. பழைய நிழற்படச் சுருளில் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. ஆனால் சுருளில் அம்மாற்றம் மீளாதது. கண்ணாடிக்குள்ளோ விளைபொருள்கள் வெளியேற வழியில்லை. கதிர் நீங்கியதும் அவை மீண்டும் இணைய, வில்லை தெளிகிறது. கருத்தல் விரைவாகவும் தெளிதல் மெதுவாகவும் நிகழ்கின்றன. இச்செயல் எத்தனை முறை நிகழ்ந்தாலும் கண்ணாடி சோர்வதில்லை என்பது வெள்ளி உப்பு வில்லைகளின் தனிச் சிறப்பு.

இவ்விளக்கத்தில் கவனிக்கத்தக்க செய்திகள் இரண்டு. முதலாவது, வில்லை கண்ணுக்குத் தெரியும் ஒளியை அளந்து மாறுவதில்லை. பெரிதும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிருக்கே மாறுகிறது. கார்களின் முன்கண்ணாடி அக்கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், வாகனத்துக்குள் கூசும் வெயில் இருந்தும் வில்லை தெளிவாகவே நிற்கும். இரண்டாவது, தெளியும் செயலை வெப்பம் விரைவுபடுத்துகிறது. கருத்தலும் தெளிதலும் ஒருங்கே நிகழ்வதால், சூடான காற்றில் வில்லை முழுமையாகக் கருப்பதில்லை. ஆகவே குளிர்நாட்டில் மிகக் கருக்கும் அதே வில்லை, வெப்பநாட்டில் குறைவாகவே கருக்கும். ஒளிக்கு இசைவது எனப் பெயர் பெற்ற இக்கருவி, உண்மையில் ஒளியின் ஒரு பகுதிக்கும் சூழலின் வெப்பத்துக்கும் சேர்ந்தே இசைகிறது.

கனத்த வில்லைகளின் சிக்கல்

முதல் தலைமுறை வில்லைகள் வெயிலிலும் ஏறத்தாழப் பாதி ஒளியைக் கடத்தின. 1970களின் பிற்பகுதியில் வந்த ‘போட்டோகிரே எக்ஸ்ட்ரா’ அதனினும் மிகக் கருத்தது, விரைவாகவும் தெளிந்தது. மிதமான பார்வைக் குறை உடையவர்க்கு இவை போதுமானவையாக இருந்தன. குறை மிகுந்தவர்க்கு அவ்வாறு அமையவில்லை.

கடுமையான கிட்டப்பார்வைக்குரிய குழிவில்லையின் நடு மெலிந்தும் விளிம்பு தடித்தும் இருக்கும். நிறம் மாறும் பொருள் கண்ணாடி முழுவதும் பரவியிருந்ததால், தடித்த விளிம்பு மிகக் கருத்தும் மெலிந்த நடு குறைவாகக் கருத்தும் தோன்றின. தூரப்பார்வைக்கான குவிவில்லையில் இது தலைகீழாக நிகழ்ந்தது. இரு கண்களுக்கும் திறன் பெரிதும் வேறுபட்டால், இரு வில்லைகளும் வெவ்வேறு அளவில் கருக்கும் நிலையும் ஏற்பட்டது. கண்ணாடியின் எடையும் ஒரு சுமை. கண்ணாடியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.4 கிராம், வில்லைக்குப் பயன்படும் சி.ஆர்.-39 நெகிழியின் அடர்த்தி ஏறத்தாழ 1.3 கிராம். மூக்குத் தண்டில் தழும்பு விழும் அளவுக்குக் கனத்த கண்ணாடியைச் சிறு வயது முதல் அணிந்தவர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று. இரண்டு கண்ணாடிகளைச் சுமக்கும் இடரை யார் மிகுதியாக அடைந்தனரோ, அவர்களுக்கே இப்புதிய வில்லை குறைவாகப் பொருந்தியது.

நெகிழி வில்லையும் சந்தையும்

அமெரிக்காவில் விற்கப்படும் மூக்குக் கண்ணாடி வில்லைகள் எளிதில் உடையாதவையாக இருத்தல் வேண்டும் என்ற விதி 1972இல் நடைமுறைக்கு வந்தது. கண்ணாடியைக் கூடுதல் பதப்படுத்தலுக்கு உட்படுத்த வேண்டியதாயிற்று. இலகுவும் உறுதியும் உடைய நெகிழி வில்லைகளின் பக்கம் சந்தை சாய்ந்தது. நெகிழியில் வெள்ளி உப்புகளைக் கண்ணாடியிற்போல விளைவிக்க இயலாது. எனவே கரிமச் சாயங்களைத் தேட வேண்டியிருந்தது. ஸ்பைரோஆக்சசீன், நாப்தோபைரான் ஆகிய மூலக்கூற்றுக் குடும்பங்கள் இத்தேடலில் முதன்மை பெற்றன. புற ஊதாக் கதிர் பட்டால் இம்மூலக்கூறுகளின் ஒரு பிணைப்பு அறுந்து, வளையம் விரிந்து, ஒளியை உட்கவரும் தட்டை வடிவம் உண்டாகிறது. கதிர் நீங்கியதும் வளையம் மூடிக்கொள்கிறது.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்கன் ஆப்டிகல் நிறுவனம் வெளியிட்ட நெகிழி வில்லை நிலைபெறவில்லை. 1990இல் பி.பி.ஜி., எசிலோர் ஆகிய நிறுவனங்கள் இணைந்து டிரான்சிஷன்ஸ் ஆப்டிகல் நிறுவனத்தைத் தொடங்கின. சாயத்தை வில்லையின் மேற்பரப்பில் மெல்லிய அடுக்காக ஊடுருவச் செய்தமையால், வில்லையின் தடிப்பு எவ்வாறு இருப்பினும் நிறம் சீராகப் படிந்தது. கடுமையான பார்வைக் குறை உடையோரின் நெடுநாள் இடர் ஒன்று இதனால் நீங்கியது. இதற்கும் ஒரு விலை இருந்தது. கரிமச் சாயம் வெயிலாலும் உயிர்வளியாலும் படிப்படியாகச் சோர்வடைவதால், சில ஆண்டுகளில் வில்லை முன்போலக் கருப்பதில்லை. வெள்ளி உப்புக் கண்ணாடியின் சோர்வின்மை இழக்கப்பட்டு, இலகுத்தன்மையும் சீர்மையும் பெறப்பட்டன.

சந்தை ஒரு நிறுவனத்தின் கையில் குவிந்தது. 2010இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், தனிப்பட்ட ஒப்பந்தங்களின் மூலம் போட்டியைத் தடுத்ததாக டிரான்சிஷன்ஸ் நிறுவனத்தின்மீது குற்றஞ்சாட்டியது. அவ்வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. 2014இல் எசிலோர் அந்நிறுவனத்தை முழுமையாகத் தன்வயமாக்கியது. 2018 ஏப்ரலில் நிறமாறு தொடுவில்லைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. இக்காலப் பகுதியில் வில்லையின் வளர்ச்சி சென்ற திசை தெளிவானது: அறைக்குள் முற்றும் தெளிவாக இருத்தல், வெளியே வேகமாகக் கருத்தல், உள்ளே வந்ததும் விரைவாகத் தெளிதல். தான் கண்ணாடி அணிந்திருப்பதையே மறந்துவிட விரும்பும் பயனாளரே இதன் இலக்கு.

ஒளியே நோயாகும் கண்கள்

இவ்விலக்குக்குள் அடங்காத கண்கள் உண்டு. விழித்திரை நிறமிச் சிதைவு எனப்படும் ரெட்டினைட்டிஸ் பிக்மெண்டோசா அவற்றுள் ஒன்று. மரபுவழி வரும் இந்நோயில் முதலில் இரவுப் பார்வையும், பின் பக்கப் பார்வையும் குறைந்து, காட்சி ஒரு குழாய்க்குள் தெரிவது போலச் சுருங்குகிறது. வெயிலில் கூச்சம், நிழலில் குருட்டிருள். வெளியிலிருந்து அறைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் கண் பழக நெடுநேரம் பிடிக்கிறது. இத்தகையோர்க்கு நிலையான கருங்கண்ணாடி வெளியே துணை; வாசற்படியைத் தாண்டியதும் இடர்.

ஒளியே இந்நோயை விரைவுபடுத்துகிறதோ என்ற ஐயம் 1970களில் வலுவாக எழுந்தது. 1971இல் அமெரிக்கக் கண் மருத்துவர் எலியட் பெர்சன், தொடக்க நிலை நோயாளர்களின் ஒரு கண்ணை ஒளி புகாமல் மறைத்து வைத்து, மறு கண்ணோடு ஒப்பிடலாம் என்ற கருதுகோளை முன்வைத்தார். அதன்படி மேற்கொள்ளப்பட்ட சிறு அளவிலான ஆய்வின் முடிவு 1980இல் வெளியானது. மறைத்த கண்ணும் மறைக்காத கண்ணும் ஒரே வகையாகவே நோயுற்றன. ஆண்டுக்கணக்கில் ஒரு கண்ணை மறைத்து வாழ முன்வந்தோர், தம் பார்வையைக் காக்கும் நம்பிக்கையில் அதனைச் செய்தனர். அந்நம்பிக்கை நிறைவேறவில்லை, எனினும், ஒளித்தடுப்பால் நோய் நிற்கும் என்ற எளிய எண்ணத்தை அவர்களின் பொறுமையே கேள்விக்குள்ளாக்கியது. இதன்பின், ஒளித்தடுப்பு வில்லைகளின் பயனை நோயைத் தடுப்பதில் தேடாமல், கூச்சத்தைக் குறைத்து இருக்கும் பார்வையைப் பயன்படுத்த உதவுவதில் தேடும் நோக்கு உறுதி பெற்றது.

இந்நோக்கில் கார்னிங் நிறுவனம் 1980களில் சி.பி.எஃப். என்னும் வரிசையை வழங்கியது. நிறமாறு கண்ணாடியை நீரிய வளிமச் சூழலில் சூடேற்றி, அதன் மேற்பரப்பில் மஞ்சள் முதல் செம்மஞ்சள் வரையிலான நிறம் ஏற்றப்பட்டது. வரிசையின் 511, 527, 550 என்னும் எண்கள் நானோமீட்டர் அளவிலான அலைநீளங்களைக் குறிப்பன. அவற்றுக்குக் குறைந்த நீல ஒளியை அவ்வில்லைகள் பெரிதும் வடிகட்டின. வெயிலில் அவை மேலும் கருத்தன. ஆனால், நிழலிலும் அவை முற்றும் தெளிவதில்லை. செம்மஞ்சள் நிறம் முகத்தில் நின்றுவிடும். பொதுச் சந்தை எதனைக் குறையெனத் தள்ளியதோ, அதுவே இங்கு மருத்துவப் பண்பாயிற்று. குறைபார்வையோரின் தேவை தனித்ததொன்று என்பதை ஏற்று உருவான வில்லைகளுள் இவ்வரிசைக்கு முதன்மையான இடமுண்டு.

இரண்டாவது எடுத்துக்காட்டு முழு நிறக்குருடு. நிறத்தையும் நுண்விவரத்தையும் காட்டும் கூம்பு செல்கள் பிறவியிலேயே செயற்படாத நிலை இது. மங்கிய ஒளிக்குரிய குச்சி செல்களைக் கொண்டே இவர்கள் காண்கின்றனர். அவை பகல் வெளிச்சத்தில் செறிவுற்றுச் செயலிழப்பதால், நண்பகலில் இவர்கள் ஏறத்தாழக் குருடராகின்றனர். நார்வே நாட்டின் பார்வையியல் அறிஞர் நுட் நோர்பி (1942–2005) இக்குறையுடன் பிறந்தவர். தாம் ஆய்வு செய்த துறைக்குத் தாமே சான்றாக அமைந்த அவர், முழு நிறக்குருடு உடைய ஒருவரின் பார்வை அனுபவத்தை 1990இல் விரிவான கட்டுரையாக எழுதினார். மருத்துவரின் சோதனை அறை காட்டாத அன்றாட வாழ்வின் ஒளிச்சிக்கல்களை அறிவியல் நூலுக்குள் கொண்டுவந்த ஆவணம் அது.

1994இல் நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ், நோர்பியையும் கண் மருத்துவர் ராபர்ட் வாசர்மனையும் உடன் அழைத்துக்கொண்டு, பசிபிக் பெருங்கடலில் உள்ள மைக்ரோனேசியாவின் பிங்கெலாப் தீவுக்குச் சென்றார். 1775ஆம் ஆண்டையொட்டி வீசிய சூறாவளியில் அத்தீவின் மக்களுள் ஏறத்தாழ 20 பேரே எஞ்சினர் என்பது மரபுச் செய்தி. அவர்தம் வழித்தோன்றல்களுள் 4 முதல் 10 விழுக்காட்டினர் முழு நிறக்குருடு உடையவர்கள். தீவு மொழியில் அதற்கு ‘மஸ்குன்’ என்று பெயர். காணாமை என்பது அதன் பொருள். மூவரும் தம்முடன் எடுத்துச் சென்றவை நிலையான கருங்கண்ணாடிகள். இத்தேர்வு பொருள் பொதிந்தது. வெண்மணலும் கடலும் வெயிலை எதிரொளிக்கும் வெப்பத்தீவில், நண்பகலில் போதுமான அளவு கருக்காத வில்லையால் அக்கண்களுக்குப் பயன் இல்லை. உலகின் வேறெங்கினும் மிகுதியாக ஒளிக்கு இசையும் கண்ணாடி தேவைப்பட்ட இடம் அது. ஒளிக்கு இசையும் கண்ணாடி குறைவாகவே பணிபுரியக்கூடிய இடமும் அதுவே.

வெப்பநாட்டு வெயிலும் தமிழ்நாடும்

பிங்கெலாப் எழுப்பும் வினா தமிழ்நாட்டுக்கும் உரியது. காரணங்கள் இரண்டு. முதலாவது தட்பவெப்பம். நிறமாறு வில்லைகளைச் சோதிப்பதற்கான பன்னாட்டுத் தரமுறை, அடிப்படை அளவீட்டை 23 பாகை செல்சியசில் மேற்கொள்கிறது. வெப்பத்தால் ஏற்படும் வேறுபாட்டை அறிய 5, 35 ஆகிய பாகைகளிலும் அளக்கிறது. வேலூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் அக்கினி நட்சத்திர நாள்களில் வெப்பம் 40 பாகையை எட்டுவது வழக்கம். ஆகவே, வெயில் மிகக் கடுமையாகும் நாளிலேயே வில்லையின் கருமை குறைகிறது. கடைக்காரரின் செயல்விளக்கத்தில் குளிரூட்டிய அறையினின்று வெளியே நீட்டப்படும் வில்லை காட்டும் கருமையை, சித்திரை நண்பகலில் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர் பெறுவதில்லை. பொருளில் குற்றமில்லை; அதன் இயல்பே அது.

இரண்டாவது காரணம் மரபுவழி. தாய்மாமனையோ, அத்தை மகனையோ, மாமன் மகளையோ மணக்கும் வழக்கம் தென்னிந்தியாவில் நெடுங்காலமாக நிலவுகிறது. பெற்றோர் இருவரும் ஒரே குடிவழியினராக இருக்கும்போது ஒடுங்கு மரபணுக் குறைகள் பிள்ளைகளிடம் வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது. முழு நிறக்குருடும், தோலிலும் கண்ணிலும் நிறமி குன்றும் அல்பினிசமும், விழித்திரை நிறமிச் சிதைவின் சில வகைகளும் இவ்வகையில் வருவன. சிறு தீவில் சூறாவளியால் நேர்ந்த மரபுக் குறுக்கம், இங்கு உறவுமுறைத் திருமணத்தால் குடும்ப அளவில் நேர்கிறது. ஒளிக்கூச்சம் மிகுந்த குழந்தைகளும் ஒளி மிகுந்த வெளியும் ஒரே நிலப்பரப்பில் அமைந்துள்ளன.

தமிழ்நாட்டின் கண் மருத்துவ மரபு பழமையானது. சென்னையில் 1819இல் தோன்றிய கண் மருத்துவமனை, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. மதுரையில் 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை அறுவை மருத்துவத்தை எளியோர்க்கும் உரியதாக்கியது. கண்புரை முகாமிலிருந்து கறுப்புக் கண்ணாடியுடன் திரும்பும் முதியோர் தமிழகச் சிற்றூர்களில் பழகிய காட்சி. அக்கண்ணாடி சில நாள்களுக்கு உரியது, கழற்றி வைக்கப்படுவது. வாழ்நாள் முழுதும் ஒளிக்கூச்சத்தோடு வாழ்பவரின் கண்ணாடிக்கு அத்தகைய இயல்பான ஏற்பு சமூகத்தில் கிடைப்பதில்லை.

மொழி வழக்கும் இதனை உணர்த்துகிறது. தமிழ்நாட்டில் கருங்கண்ணாடிக்கு வழங்கும் பெயர் ‘கூலிங் கிளாஸ்’. கண்ணைக் குளிர்விப்பது என்ற பொருளில் தோன்றிய அப்பெயர், திரைப்பட நாயகரின் ஒப்பனையோடு இணைந்து அலங்காரப் பொருளைச் சுட்டுவதாயிற்று. மு. கருணாநிதி அணிந்த கறுப்புக் கண்ணாடி விபத்தில் கண் பாதிக்கப்பட்டதன் விளைவு; மக்கள் பார்வையில் அது அவருடைய அடையாளமாக மாறியது. பெருந்தலைவர்க்கு அடையாளமாக அமைவது, வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவிக்கு ஒழுங்கின்மையாகக் கருதப்படக்கூடும். வகுப்புக்குள் தெளிந்தும் திடலில் கருத்தும் இருக்கும் நிறமாறு வில்லை, இவ்விடத்தில் மருத்துவப் பயனோடு சமூகப் பயனையும் தருகிறது: அணிபவர் தம் குறைக்கு விளக்கம் சொல்லும் கட்டாயத்தினின்று விடுபடுகிறார். அதேவேளை, குறை கண்ணுக்குத் தெரியாமற் போவதால், கரும்பலகையின் பளபளப்பும் சன்னலோர இருக்கையும் அவருக்கு இடர் தருவதை ஆசிரியர் அறியாமற் போகும் வாய்ப்பும் உண்டு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு அமைகின்றன.

• பார்வையின் கூர்மையைத் திருத்தும் மரபும் ஒளியைத் தடுக்கும் மரபும் தனித்தனியே வளர்ந்தன. அவற்றின் பிரிவால் மிகுதியும் இடர்ப்பட்டோர் பார்வைக் குறையோடு வாழ்ந்தோரே. 1960களில் தோன்றிய நிறமாறு வில்லை இவ்விரு மரபுகளையும் இணைத்தது.

• வெள்ளி உப்புக் கண்ணாடியினின்று கரிமச் சாய நெகிழிக்கு நிகழ்ந்த மாற்றம், முழுமையான முன்னேற்றமாக அமையாமல் ஒரு பரிமாற்றமாக அமைந்தது. சோர்வின்மை இழக்கப்பட்டது, எடைக் குறைவும் நிறச் சீர்மையும் பெறப்பட்டன. கடுமையான பார்வைக் குறை உடையோர்க்கு இப்பரிமாற்றம் நன்மையாயிற்று.

• அறைக்குள் முற்றும் தெளியும் வில்லையே சந்தையின் இலக்காயிற்று. விழித்திரை நிறமிச் சிதைவு, முழு நிறக்குருடு ஆகிய நிலைகளில் வாழ்வோர்க்கு, முற்றும் தெளியாத அல்லது நிலையாகக் கருத்த வில்லையே பயன்பட்டது. ஒரே தொழில்நுட்பத்தில் ஒருவரின் குறை மற்றவரின் தேவையாக அமைவதை இது காட்டுகிறது.

• வெப்பத்தால் வில்லையின் கருமை குறைவதால், வெப்பநாட்டு மக்கள் இதன் முழுப் பயனைப் பெறுவதில்லை. உறவுமுறைத் திருமணத்தால் மரபுவழிக் கண்குறைகள் வெளிப்படும் வாய்ப்பு மிகுந்த தென்னிந்தியாவில் இக்குறைபாடு கூடுதல் கவனத்துக்கு உரியது.

ஒளியின் அளவுக்கேற்பக் கண்ணாடியே மாறிக்கொள்ளும் என்பது இவ்வில்லை அளித்த வாக்குறுதி. அவ்வாக்குறுதி பெருமளவு நிறைவேறியுள்ளது. எந்தக் கண்ணுக்கு எவ்வளவு ஒளி போதும் என்பதை மட்டும் கண்ணாடியால் அறிய இயலாது. அதனை அணிபவரிடமே கேட்டறிய வேண்டும். நோர்பி போன்றோர் தம் பார்வையைத் தாமே எழுதி வைத்த ஆவணங்கள் அவ்வகையில் முதன்மைச் சான்றுகளாகின்றன. தமிழ்நாட்டில் பிறவி முதல் ஒளிக்கூச்சத்தோடு வாழ்வோரின் வாய்மொழி வரலாறுகளைத் திரட்டுதல், இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.